ஆறு மாதம் அமெரிக்காவில்: கிரைண்டரைக் கடைசியில் பார்ப்போம்

கேள்வி: அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். வயது 66. மனைவிக்கு 62, பத்து ஆண்டாகச் சர்க்கரை, காலையில் மாத்திரை, இரவு 9 மணிக்கு 14 யூனிட் இன்சுலின் பேனாவில். மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள், அக்டோபர் கடைசியில் பிரசவம். செப்டம்பர் 20 வாக்கில் கிளம்பி மார்ச் 12 அளவில் திரும்ப எண்ணம். பத்தாண்டு விசா கிடைத்துவிட்டது. திருச்சியில் சொந்த வீடு, பூட்டிவிட்டுத்தான் போகவேண்டும். டேபிள்டாப் கிரைண்டர், இட்லி அரிசி, கறிவேப்பிலை, பிரசவ லேகியம் எல்லாம் கொண்டுபோகலாமா? ஆறு மாத மருந்தையும் இங்கேயே வாங்கிவிடலாமா? நவம்பரில் பென்ஷனுக்கு லைஃப் சர்ட்டிபிகேட் எப்படிக் கொடுப்பது? "எல்லாம் வந்து பாத்துக்கலாம்ப்பா" என்கிறாள் மகள்.

பதில்:

ஐயா, உங்கள் கடிதத்தில் கிரைண்டர் முதலில் நிற்கிறது, மருந்து நடுவில், பென்ஷன் கடைசியில். வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். கிரைண்டர் இல்லாமல் போய் இறங்கினால் அங்கேயே எடிசன் பக்கம், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிக்கொள்ளலாம். வங்கியில் பதிந்த செல்பேசி எண் செத்துப்போனால் அங்கிருந்தபடி அதை உயிர்ப்பிப்பது பெரும்பாடு. ஆகவே ஒவ்வொரு வேலையையும் எடுத்து, இதை நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு சரிசெய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாதவை அத்தனையும் செப்டம்பர் 20க்குள் திருச்சியிலேயே முடிந்தாக வேண்டும். மகள் சொல்வது மிச்சத்துக்குத்தான் பொருந்தும்.

முதல் வேலை செல்பேசி எண். பென்ஷன் கணக்கு, ஆதார், மின்கட்டணம், டெபாசிட் புதுப்பிப்பு என்று எதைத் தொட்டாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ப்ரீபெய்டு என்றால் கிளம்பும் முன் ஓராண்டு செல்லுபடியாகும் ரீசார்ஜ் போட்டுவிடுங்கள். வேலிடிட்டி முடிந்த எண்ணில் முதலில் வெளியே பேச முடியாது. பிறகு உள்ளே வரும் குறுஞ்செய்தியும் நிற்கும். கடைசியில் எண்ணே வேறொருவருக்குப் போய்விடும். சர்வதேச ரோமிங் வசதியை இந்தியாவில் இருக்கும்போதே திறக்கச் சொல்லி, உங்கள் திட்டத்தில் வெளிநாட்டில் குறுஞ்செய்தி வாங்கக் கட்டணம் உண்டா என்று கம்பெனியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போடும் போனில் இந்திய சிம்மை ஒரு பக்கம் வைத்து, அதற்கு மட்டும் 'டேட்டா ரோமிங்'கை அணைத்துவிடுங்கள். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்க வேண்டாம். எடுத்தால் நிமிடக் கணக்கில் காசு போகும். பேசவும் இணையத்துக்கும் அங்கே மகள் வாங்கித் தரும் சிம் இன்னொரு பக்கம்.

இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள். ஒன்று, இந்திய சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டு எடுத்துப்போவது. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் 2022இலேயே 3ஜி சேவையை மூடிவிட்டன. 4ஜி வழியாகப் பேசும் வசதி இல்லாத போன் அங்கே வெறும் கடிகாரம். இன்னொன்று, மருமகன் ஆசையாக வாங்கித் தரும் புதுப் போனுக்கு வங்கிச் செயலியையும் யுபிஐயையும் மாற்றுவது. அந்தச் செயலிகள் சிம்மோடு கட்டுண்டவை. புதுப் போனில் திறக்க அதே இந்திய சிம்மிலிருந்து குறுஞ்செய்தி போகவேண்டும். ரோமிங்கில் அது பல சமயம் போகாது, போகாதவரை கணக்கும் திறக்காது. திரும்பி வரும்வரை பழைய போனே உங்கள் வங்கி.

டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அடைத்தே இருக்கும். 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டு உள்நாட்டுக்கு மட்டும் திறந்துதான் கையில் வருகிறது. வெளிநாட்டுக்கு நாம்தான் செயலியில் திறக்க வேண்டும். இந்த ஆறு மாதத்துக்குள் முதிரும் டெபாசிட்டுகளைத் தாளில் எழுதி, தானாகப் புதுப்பிக்கும்படி எழுதிக் கொடுங்கள். சொத்து, வங்கி வேலைகளைப் பார்க்க யாருக்காவது பவர் கொடுப்பதாக இருந்தால் அதையும் இங்கேயே பதிந்துவிடுங்கள். அங்கே எழுதினால் துணைத் தூதரக அதிகாரி முன்போ, நோட்டரி முன் கையெழுத்திட்டு, அதை மெய்யென்று சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையோடோ அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வையும் கட்ட வேண்டும்.

இனி லைஃப் சர்ட்டிபிகேட். மத்திய அரசு ஓய்வூதியர் என்பதால் உங்களுக்கு நவம்பர் 1 முதல் 30 வரை. செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டுப் போகலாமே என்றால், அக்டோபரில் தொடங்கும் சலுகை 80 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும்தான். அங்கிருந்து கொடுக்க இரண்டு வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனில் 'ஜீவன் பிரமாண்' செயலியும் 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' செயலியும் இருந்தால் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். இரண்டையும் திருச்சியிலேயே இறக்கி, 'ஆபரேட்டர்' பதிவுவரை முடித்துக்கொள்ளுங்கள். அதற்கான ஓடிபி வாங்குவது இங்கே சுலபம். பிபிஓ எண் (பென்ஷன் ஆணையின் எண்), பென்ஷன் வழங்கும் அலுவலகத்தின் பெயர், கணக்கு எண் மூன்றையும் ஆதார் நகலின் பின்புறம் எழுதி வையுங்கள். செயலி இவற்றைக் கேட்கும். முகம் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றுங்கள், வெளிச்சம் முன்னாலிருந்து விழட்டும், கண்ணை இமையுங்கள். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பத்துத் தடவை முயன்றாலும் ஏற்காது. முடிந்ததும் 'பிரமாண் ஐடி' வரும். அதைக் குறித்துக்கொண்டு சில நாள் கழித்து ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். எண் வந்ததாலேயே வேலை முடிந்தது என்று விட்டால், பென்ஷன் அலுவலகத்தைத் தப்பாகத் தேர்ந்த தவறு டிசம்பரில்தான் தெரியும்.

செயலி கைவிட்டால் காகித வழி. படிவத்தை எடுத்துப்போய் இந்தியத் தூதரக அதிகாரி, அங்குள்ள நோட்டரி, வங்கி அதிகாரி ஆகியோரில் ஒருவர் முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். நியூ ஜெர்சி, நியூயார்க் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. நவம்பர் முதல் வாரத்தில் செயலி, சரிவராவிட்டால் இரண்டாம் வாரத்தில் காகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கும். யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. தவறினாலும் பென்ஷன் போய்விடாது, சான்று சேரும்வரை நிற்கும், பிறகு நிலுவையோடு வரும்.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 'பத்தாண்டு விசா' என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். பத்தாண்டு என்பது கதவைத் தட்டும் உரிமைதான். உள்ளே எத்தனை நாள் என்பதை விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி முடிவு செய்வார். வழக்கமாக ஆறு மாதம் வரை. இறங்கிய மறுநாளே மகளை அரசு இணையதளத்தில் உங்கள் இருவரின் ஐ-94 எனும் வருகைப் பதிவையும் எடுக்கச் சொல்லி, கடைசித் தேதியைப் பாருங்கள். கணவனுக்கு ஒரு தேதி, மனைவிக்கு வேறொரு தேதி விழுவதும் உண்டு. மார்ச் 12 டிக்கெட் உங்களுக்கு ஒரு வார இடைவெளி தருகிறது, நல்லது. உடல்நலக் காரணத்தால் மேலும் தங்க நேர்ந்தால் அந்தத் தேதிக்கு 45 நாள் முன்பே, தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் ஐ-539 விண்ணப்பம் போடுவது நல்லது. தேதி கடந்தபின் போடக்கூடாது. அனுமதியின்றி ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் பத்தாண்டு விசா செல்லாததாகிவிடும். அப்படிக் கூடுதலாக 180 நாளைத் தாண்டி இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டு நுழையத் தடை. எதற்கு வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டால், மகளுக்குப் பிரசவம், கூட இருக்க வந்தோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். சொந்தப் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் குற்றமில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையையும் பார்த்துக்கொண்டு காசு வாங்குவது வேலை செய்வதாகும்; அந்த ஆசையை உங்கள் வீட்டு அம்மாவுக்கு யாரும் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மருந்து. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

ஆறு மாத மருந்தையும் மொத்தமாகக் கட்டிக்கொண்டு போவதில் ஒரு சிக்கல். வெளிநாட்டினர் தம் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரும் மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பொதுவாக வைத்திருக்கும் அளவு 90 நாள். அதற்கு மேல் தங்குகிறவர்களுக்கு மீதியைக் கூரியரில் வரவழைக்க இடமுண்டு. பொட்டலத்தோடு மருந்துச்சீட்டு, டாக்டர் கடிதம், பாஸ்போர்ட், விசா நகல்கள் இருக்கவேண்டும். எனவே 90 நாள் மாத்திரையை எடுத்துக்கொண்டு, மீதி 90 நாளுக்கானதைத் தனியே கட்டி, நகல்களோடு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மாத்திரைகள் அட்டையோடும் பெட்டியோடும் இருக்கட்டும். ஞாயிறு, திங்கள் என்று பிரித்துப் போடும் டப்பாவில் கொட்டிக் கொண்டுபோகாதீர்கள். டாக்டர் கடிதம் ஆங்கிலத்தில், பிராண்ட் பெயரோடு மூலப்பெயரும் (உள்ளிருக்கும் மருந்தின் பெயர்) எழுதி, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே பெயர் போட்டு இருக்கவேண்டும்.

மூலப்பெயர் ஏன் என்றால், நம்மூர்ச் சீட்டில் சர்வசாதாரணமாக இருக்கும் பல மருந்துகள் அங்கே விற்பனையிலேயே இல்லை. சர்க்கரைக்கான வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், கிளிக்லசைடு மூன்றும் அமெரிக்க மருந்துக்கடையில் கிடைக்காது. இரத்தக்கொதிப்புக்கான சில்னிடிபின், வாந்திக்கான டாம்பெரிடோன், வலிக்கான அசிக்ளோஃபினாக், நிமிசுலைடும் அப்படித்தான். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் தனித்தனியே கிடைக்கும். இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை இல்லை. அம்மாவின் சீட்டில் இவற்றில் ஏதாவது இருந்தால் உங்கள் டாக்டரிடம் இப்போதே சொல்லி, அமெரிக்காவிலும் கிடைக்கும் மருந்துக்குக் கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே மாற்றமுடியுமா என்று கேளுங்கள். ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அந்த அவகாசம் வேண்டும். மெட்ஃபார்மின், அம்லோடிபின், அடார்வாஸ்டாடின் போன்ற பழைய மருந்துகள் அங்கே சீட்டு இருந்தால் மலிவாகவே கிடைக்கும். செலவு சீட்டு எழுதும் டாக்டருக்குத்தான். பெயர் மாறுவதையும் மனதில் வையுங்கள். நம் பாராசிட்டமாலுக்கு அங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர். அங்குள்ள சளி, காய்ச்சல் கூட்டு மருந்து பலவற்றிலும் அது கலந்திருக்கும். அதையும் குடித்து, பையிலிருக்கும் 650 மில்லிகிராம் மாத்திரையையும் போட்டால் கணக்கு இரட்டிப்பாகும்.

இன்சுலினைப் பார்ப்போம். தினம் 14 யூனிட், ஊசியைச் சரிபார்க்கத் தள்ளிவிடும் 2 யூனிட், ஆக 16. தொண்ணூறு நாளுக்கு 1,440 யூனிட். 3 மில்லி பேனா ஒன்றில் 300 யூனிட் இருக்கும். ஐந்து பேனா சரியாக வரும், உடைந்தால் என்று ஒன்று கூட, ஆறு. ஊசிமுனை நாளுக்கொன்றாக நூறு. எல்லாமே கைப்பையில், செக்-இன் பெட்டி தொலைந்தால் மருந்தும் தொலைந்தது, சரக்கு அறையில் உறைந்துபோகவும் கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகியபின் பயன்படுத்தக்கூடாது. அதனாலேயே ஐஸ் ஜெல் பையைப் பேனாவின் மேல் நேராக வைக்காமல் நடுவில் துணியைச் சுற்றுங்கள். மருந்துத் திரவத்துக்கு 100 மில்லி வரம்பு இல்லை; சோதனையில் முன்கூட்டிச் சொல்லிக் கடிதத்தைக் காட்டினால் போதும். அங்கே திறக்காத பேனா ஃபிரிட்ஜின் நடுத்தட்டில். பயன்படுத்துவதை வெளியே வைக்கலாம், பெரும்பாலான வகைகளுக்கு 28 நாள்தான் ஆயுள்.

இரண்டாம் 90 நாளுக்கு இன்சுலினைக் கூரியரில் நம்பாதீர்கள். குளிர் காக்காமல் வந்து சேர்ந்தது வேலை செய்யாது, பார்த்தாலும் தெரியாது. டிசம்பர் முதல் வாரத்துக்கு மகளின் ஊரிலேயே ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கி அங்கே சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. நம்மூர்க் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அமெரிக்காவில் மில்லிக்கு 100. பேனாக்கள் இரு நாட்டிலும் 100தான், ஆகையால் பேனாவிலேயே இருந்தால் குழப்பமில்லை. ஆத்திர அவசரத்துக்கு அங்கே குப்பி வாங்கி, இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி 40 யூனிட் சிரிஞ்சில் 14 கோடு இழுத்தால் உள்ளே போவது 35 யூனிட். ஆள் மயங்கி விழும் அளவு. 40 யூனிட் சிரிஞ்ச் ஒன்றுகூடப் பையில் வேண்டாம்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. செப்டம்பரில் நியூ ஜெர்சி நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். திருச்சியில் இரவு 9 என்றால் அங்கே காலை 11.30. அங்கும் இரவு 9க்கே போடவேண்டுமானால் பயண நாளில் இரண்டு ஊசிக்கு இடையே 33 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். நடுவில் எவ்வளவு, எப்போது என்பதை டாக்டர் உங்கள் விமான அட்டவணையைப் பார்த்து எழுதித் தரவேண்டும். அட்டவணையோடு போய்க் கேளுங்கள். விமானத்தில் சாப்பாடு தள்ளிப்போகும். தட்டு கைக்கு வராமல் சர்க்கரை நோய்க்கான மாத்திரை போடக்கூடாது. கைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். தாழ்சர்க்கரைக்கு மூன்று டீஸ்பூன், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவார்கள். அதற்கெல்லாம் மருந்தை மாற்றவேண்டாம்.

கிளம்புமுன் இருவரும் டிடாப் தடுப்பூசியும் ஃபுளூ ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கக்குவான் இருமல் பெரியவர்களுக்குச் சாதாரண இருமலாக வந்து போகும், பிறந்த குழந்தைக்கு உயிராபத்து. குழந்தையைத் தூக்குவதற்கு இரண்டு வாரமாவது முன்னே போட்டிருக்கவேண்டும். அங்குள்ள குழந்தை டாக்டர்கள் தாத்தா பாட்டியிடம் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் பிரீமியத்தைப் பார்க்கும் முன் இரண்டு வாசகங்களைப் பாருங்கள். திட்டம் 'ஃபிக்ஸட்' வகையா, 'காம்ப்ரிஹென்சிவ்' வகையா? முதல் வகை அறைக்கு இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியலைக் கொடுக்கும். பில் அதற்கு மேல் எவ்வளவு போனாலும் உங்கள் பாடு. அமெரிக்க மருத்துவமனைப் பில் அந்தப் பட்டியலை முதல் நாளிலேயே தாண்டிவிடும். ஆகவே இரண்டாவது வகை. அடுத்தது, ஏற்கெனவே உள்ள நோய். பெரும்பாலான திட்டங்கள் சர்க்கரைக்கான வழக்கமான வைத்தியத்துக்குக் காசு தரா. முன்னறிகுறியின்றித் திடீரெனத் தீவிரமானால் மட்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள் வைத்தியம் தொடங்கியிருந்தால் தரும் என்றுதான் பல திட்டங்களில் இருக்கும். நெஞ்சு வலியை 'வாயு' என்று இரண்டு நாள் பொறுத்துக்கொண்டால் காப்பீடும் கைவிடும். விண்ணப்பத்தில் நோயை மறைக்காதீர்கள். மருத்துவமனைக் குறிப்பில் 'பத்து ஆண்டாகச் சர்க்கரை' என்று அம்மாவே சொல்லியிருப்பார், அந்தத் தாள்தான் முதலில் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போகும்.

காய்ச்சல், சிறு வெட்டு, சிறுநீர்க் கடுப்பு போன்றவற்றுக்கு 'அர்ஜென்ட் கேர்' எனும் சிறு மருத்துவமனை. எமர்ஜென்சி வாசலில் கால் வைத்தாலே பில் பல மடங்கு. நெஞ்சு வலி, வாய் கோணுதல், மூச்சுத் திணறல், நினைவு தப்புதல் என்றால் மட்டும் யோசிக்காமல் 911. எமர்ஜென்சியில் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சோதிப்போம் என்று சொல்ல 1986 முதல் சட்டம் இடம் தரவில்லை. பில் வீட்டுக்கு வரும். வந்ததும் கட்டிவிடாமல், வரி வரியாகப் பிரித்த விவரப் பில்லைக் கேட்டு வாங்கிக் காப்பீட்டுக்கு அனுப்புங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் இல்லாத காலம் சரியாக வடகிழக்குப் பருவமழை. திருட்டுக்குப் பயந்து பூட்டின் மேல் பூட்டுப் போடுகிறவர்கள் மொட்டைமாடியை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் வடியும் குழாயின் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்தால் ஒரே மழையில் மாடி குளமாகும். ஒரு மாதம் தேங்கி நின்றால் கூரை ஒழுகி, அடியிலிருக்கும் சுவிட்ச்போர்டு நனையும். செப்டம்பரில் மாடியைக் கூட்டி, குழாய் வாயில் கம்பிவலை போட்டு, சாவியை ஒருவரிடம் கொடுத்து மழை மாதங்களில் பத்து நாளுக்கொருமுறை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதமொருமுறை டிஸ்டில்ட் வாட்டர் பார்க்கட்டும். ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைத் துணி வைத்துத் திறந்தே விடுங்கள். மூடினால் திரும்பி வரும்போது பூஞ்சைதான் வரவேற்கும். சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போடுங்கள். மின்கட்டணத்துக்கு முன்பணம் கட்டலாம். இரண்டாம் அரையாண்டுச் சொத்துவரியை அக்டோபருக்குள் இணையத்தில் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. வீடு பூட்டியிருப்பதைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள், முகநூலில் எழுதாதீர்கள்.

இப்போது பெட்டிக்குள் வருவோம். பச்சைக் கறிவேப்பிலை கூடவே கூடாது: எலுமிச்சைக் குடும்பத்து மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தொற்றிவரும். இட்லி அரிசியும் வேண்டாம். கப்ரா வண்டு பயத்தால் 2021 முதல் நம் போன்ற நாடுகளிலிருந்து பயணிகள் பெட்டியில் அரிசி, கொண்டைக்கடலை, பாசிப்பயறு போன்றவற்றுக்குத் தடை. மூன்றுமே நியூ ஜெர்சிக் கடைகளில் கிடைக்கும். வறுத்து அரைத்த சாம்பார் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் செக்-இன் பெட்டியில் போகலாம். கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் அமெரிக்க விமானங்களுக்கான சோதனையில் நிறுத்துவார்கள். கொப்பரையும் கற்பூரமும் தீப்பற்றும் பொருள், எந்தப் பெட்டியிலும் இடமில்லை. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். அங்கே இறங்கியதும் உணவுப் பொருள் உண்டா என்று கேட்டால் 'உண்டு' என்றே சொல்லுங்கள். சொன்ன பொருள் ஆகாதென்றால் எடுத்து எறிவார்கள், அவ்வளவுதான். சொல்லாத பொருள் பிடிபட்டால் அபராதம்.

பிரசவ லேகியத்தை மகளின் டாக்டரைக் கேட்காமல் கட்டவேண்டாம். பாலூட்டும் தாய் சாப்பிடுவது. சில ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஈயமும் பாதரசமும் இருந்ததை அங்குள்ள அமைப்பு கண்டு எச்சரித்திருக்கிறது. மிளகு, சுக்கு, பூண்டு வைத்து வீட்டில் செய்யும் பத்தியக் குழம்புக்கு அந்தத் தொல்லை இல்லை. கடையில் விற்கும் கண்மையும் ஈயச் சந்தேகத்தில் உள்ளது. குழந்தை நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் இருந்தால் ஒரு வயதுவரை தள்ளிப்போடுங்கள்.

கிரைண்டர்! அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230, 50. பிளக்கை மட்டும் மாற்றும் சின்ன அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. அதில் நம் கிரைண்டரைச் செருகினால் கல் முனகிக்கொண்டு நின்று மோட்டார் சூடேறும். வோல்டேஜை ஏற்றும் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும் 60 ஹெர்ட்ஸில் கல் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்கும். கோவைக் கம்பெனிகள் 110 வோல்ட் மாடலையே விற்கின்றன. வேண்டுமானால் அதை வாங்குங்கள். ஆனால் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பெட்டி 23 கிலோ வரம்பில் பாதியைத் தின்றுவிடும். போன் சார்ஜரில் '100-240' என்று பொறித்திருக்கும், அது எங்கும் ஓடும். பிபி கருவிக்கும் அந்த எழுத்து உண்டா பாருங்கள், இல்லையென்றால் பேட்டரியில் போட்டுக்கொள்ளலாம்.

அங்கே போனபின் முதல் வாரத்திலேயே நேரும் விபத்து பாத்ரூமில்தான். அந்த ஊர்ப் பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டை கிடையாது. வீடும் பெரும்பாலும் மரச்சட்டம். குளியல் தொட்டிக்கு வெளியே நின்று சொம்பால் ஊற்றிக் குளித்தாலோ தரையைக் கழுவிவிட்டாலோ தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கி, பில் மகளுக்கு வரும். வாளி, சொம்பு, நீங்கள் மூவரும் தொட்டிக்குள்ளேயே; திரையின் நுனியும் தொட்டிக்குள் தொங்கவேண்டும். தொட்டி விளிம்பு முழங்கால் உயரம் இருக்கும், உள்ளே வழுக்கும். ரப்பர் பாயும் கைப்பிடியும் நீங்கள் இறங்குவதற்கு முன்பே போடச் சொல்லுங்கள். கழிவறையில் கழுவத் தண்ணீர்க் குழாய் இராது. ஃபிளஷ் தொட்டிக்குத் தண்ணீர் வரும் இடத்தில் 'டி' இணைப்புப் போட்டுக் கைக்குழாய் மாட்ட அரைமணி வேலை. டாய்லெட்டின் பக்க வால்வை மூடி, ஃபிளஷ் செய்து தொட்டியைக் காலியாக்கியபின் மாட்டவேண்டும். மாட்டியபின் ஒவ்வொரு முறையும் 'டி' வால்வைத் திருகி மூடுங்கள். கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டால் நாள் முழுவதும் அழுத்தம் தாங்கும் அந்த ரப்பர் குழாய் என்றாவது ஒருநாள் வெடிக்கும்.

அடுப்படியில் மிளகாய் தாளித்தால் புகை அலாரம் கத்தும். அடுப்பின் மேலிருக்கும் விசிறி பல அடுக்ககங்களில் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி உள்ளேயே விடும். தாளிக்கும் முன்பே சன்னலைத் திறந்து விசிறியைப் போடுங்கள். அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவது வேண்டாம், பச்சைக் குழந்தை தூங்கும் வீடு. கண்ணாடித்தட்டு மின்னடுப்பு அணைத்தபின்னும் வெகுநேரம் சூடாகவே இருக்கும். குக்கர் விசில் வந்ததும் அணைப்பதோடு பக்கத்து வளையத்துக்கு நகர்த்தவும் வேண்டும், இல்லையென்றால் சாதம் குழையும். சிங்க்கின் அரைக்கும் இயந்திரத்தில் முருங்கைச் சக்கை, தேங்காய் நார், வாழைப்பூ, மிஞ்சிய சாதம் எதையும் தள்ளாதீர்கள். நார் சுற்றிக்கொள்ளும், சாதம் ஊறிக் குழாயை அடைக்கும்.

குளிர் வந்தபின் மாவு புளிக்காது, பால் உறையாது என்று அம்மா கவலைப்படுவார். 'ஓவன்' எனும் பெட்டி அடுப்பைப் போடாமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவை உள்ளே வைத்தால் போதும். அந்தச் சூட்டில் 10 முதல் 14 மணி நேரத்தில் பொங்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல், அடியில் ஒரு தட்டும் வையுங்கள். உள்ளே மாவு இருப்பதைத் தாளில் எழுதி ஓவன் கதவில் ஒட்டிவிடுங்கள். இரவில் குழந்தைக்காக எழுந்துவரும் மருமகன் ஏதோ சூடாக்க நினைத்து ஓவனைத் தட்டிவிடுவார்.